சிவப்புக் கோடு போட்ட ருஷ்ய வசனங்கள்

அட்டன் கடைத்தெருவில் கொப்பிகளும் பாடப் புத்தகங்களும் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ருஷ்யப் புத்தகங்கள் அருகருகே கிடந்தன. ஒன்று சட்டைப் பையில் அடங்கும். மற்றது தடித்தது. நான் சின்னதை எடுத்தேன். என் மகள் பெரியதைக் கையில் வைத்திருந்தாள்.

அவள் புத்தகத்தைத் திருப்பி வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சத்தம் வராமல், அட்டை மடங்காமல், முன்பு கிடந்த அதே இடத்தில் வைத்தாள்.

நான் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன், இன்னும் இருக்கிறேன். ஒரே நீள அறை. தகரக் கூரை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் ஒருவன். காலையில் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர், மலைக்கு வேலைக்குப் போன தாய்க்குச் சாப்பாடு கொண்டுபோக நடுவிலேயே எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேரின் மடியில் தம்பியோ தங்கையோ தூங்கும். அவர்களுக்கு ஒரு புத்தகத்தை முழுதாக நடத்தி முடிப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் வேலைக்குச் சேர்ந்த வருடமே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பாடத்திலும் முக்கியமான வரிகளுக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். கோடு போட்டதை மனப்பாடம் செய்தால் போதும். மற்றதைப் பார்க்க வேண்டாம். வருடம் ஒரு முறை பரிசோதகர் வந்து கேள்வி கேட்கும்போது பிள்ளைகள் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். அவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கறுப்புப் பென்சிலென்றால் பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். சிவப்பு அழியாது. அதற்காகத்தான் சிவப்பு.

என் மகளும் அந்த அறையில்தான் ஐந்து வருடம் படித்தாள். மற்றப் பிள்ளைகளைவிட அவளிடம் நான் கண்டிப்பாக இருந்தேன். கோடு போடாத வரியை அவள் ஒரு தரம் ஒப்புவித்தபோது, “சொல்லாதத ஏன் படிக்கிற?” என்று கேட்டு உட்கார வைத்தது நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கு எட்டு வயது.

அதன் பிறகு நகரத்துப் பள்ளிக்கூடம். காலையில் தோட்டத்துக் குறுக்குப்பாதையில் இறங்கி, ரோட்டுக்கு வந்து பஸ் பிடிப்பாள். விஞ்ஞானப் பாடங்களை ஆங்கிலத்தில் படித்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இங்கே பல்கலைக்கழக இடம் கொஞ்சத்தில் தவறிப்போனது. அந்தச் சமயத்தில்தான் ருஷ்யாவில் மருத்துவம் படிக்க உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற பத்திரிகை விளம்பரத்தை அவளே வெட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். விண்ணப்பம் போட்டோம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.

அந்த விண்ணப்பத்தைப் போட முடிந்ததே எங்களுக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்திருந்ததால்தான். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அநேகம் பேருக்கு அது கொடுக்கப்படவில்லை. அவர்கள் வீட்டில் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை இருந்தாலும் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க முடியாது. ஆனாலும் கடிதம் வந்த செய்தி தெரிந்ததும் அவர்கள்தான் முதலில் வந்து சந்தோஷப்பட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள்கூட நின்று விசாரித்தார்கள். எத்தனையோ பேருக்குப் பூட்டிக் கிடந்த கதவு என் பிள்ளைக்குத் திறந்திருந்தது. இதை நினைக்கும்போது மனம் இன்னும் கனக்கிறது.

நான் ஏன் சின்னப் புத்தகத்தை எடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது என் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. ஒரு காலையில் வலி என்று நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டுமென்று நான் திரும்பிவிட்டேன். அங்கே இருந்த தாதிக்குச் சிங்களம்தான் தெரியும். நல்லவள். பக்கத்தில் வந்து வந்து விசாரித்திருக்கிறாள். என் மனைவிக்கு மரக்கறி வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம். நான் திரும்பியதிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்பதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டியிருக்கிறாள். பின்னேரம் நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்பே சொல்லியிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்காது என்றுதான் டாக்டர் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்று.

“எந்த பாஷையில சொல்றது?” என்றாள்.

அதற்குப் பிறகு பாஷை என்றாலே எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் நினைவுக்கு வரும். வெளியூருக்குப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வலியைச் சொல்ல ஒரு வார்த்தை. மற்றதெல்லாம் பிறகு. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது என் கையை நீட்ட வைத்தது அதுதான்.

கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய வெண்கட்டி முதல் வரவுப் புத்தகம் வரை அவரிடம்தான் வாங்குவேன். மகள் கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அவரே இரண்டு புத்தகத்தையும் எடுத்து வெளியே வைத்தார். இரண்டும் ஆங்கிலம் வழியாக ருஷ்யம் சொல்லிக் கொடுப்பவை.

மகள் தடித்த புத்தகத்தைத் திறந்தாள். முதல் பாடத்தில் ஓர் அறையின் படம். மேசை, விளக்கு, ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் பெயர். அடுத்த பாடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் வகுப்பில் மற்றவர்களோடு பேசுகிறாள்: உன் பெயர் என்ன, நீ எந்த நாடு, உனக்கு என்ன பிடிக்கும். மகள் நின்றபடியே நாலைந்து பக்கம் படித்துவிட்டாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

நான் சின்னப் புத்தகத்தைத் திறந்தேன். ரயிலில், சுங்கத்தில், கடையில், தபால் கந்தோரில் என்று பிரித்திருந்தார்கள். நான் நேரே டாக்டர் என்று போட்ட பக்கத்துக்குப் போனேன். இரண்டரைப் பக்கம் இருந்தது. அடுத்தது தொலைந்த பொருட்கள். அதற்கடுத்தது விபத்து. எனக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது.

“இது நல்லா இருக்குப்பா. பாடம் பாடமா இருக்கு,” என்றாள் மகள்.

நெஞ்சு வலிக்கிற நேரத்தில் அவ்வளவு பெரிய புத்தகத்தைப் பெட்டியிலிருந்து யார் தேடி எடுப்பது என்று கேட்டேன். இது கோட்டுப் பைக்குள்ளேயே கிடக்கும் என்றேன். டாக்டர் பக்கத்தை நானாவிடமும் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ஏன் மாஸ்டர், புள்ள அங்க டாக்டருக்குப் படிக்கப் போகுதா, டாக்டர்கிட்ட காட்டப் போகுதா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டையும் கொண்டுபோங்க என்றார் நானா. ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் படித்தால் இரண்டுமே தங்காது என்று நான் வாத்தியார் வேலை பார்த்தேன். அப்போதுதான் அவள் தடித்த புத்தகத்தைத் திருப்பி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலைக் கூராகச் சீவினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகப் போனது. எனக்கு உடம்பு சரியில்லை. எனக்கு இங்கே வலிக்கிறது. டாக்டரைக் கூப்பிடுங்கள். நான் வழி தவறிவிட்டேன். எனக்கு இங்கே யாரையும் தெரியாது. என் பெட்டியைக் காணவில்லை. எனக்குக் குளிர்கிறது. தயவு செய்து என் வீட்டுக்குத் தந்தி அடியுங்கள். ஒவ்வொரு வரியிலும் அவள் ஏதோ ஒரு தெருவில் பனியில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். வணக்கம், நன்றி, உங்கள் ஊர் அழகாக இருக்கிறது என்று முன்பக்கங்களில் இருந்தவற்றைத் தாண்டிப் போனேன். அவை யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடும் என்று நினைத்தேன்.

புத்தகத்தைக் கொடுத்தபோது அவள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இது மட்டும் போதுமாப்பா?”

“மொதல்ல இத மனப்பாடம் பண்ணு. மத்ததெல்லாம் அங்க போனா தானா வரும்.”

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரத்தில் எல்லாம் பாடமாகிவிட்டது. உச்சரிப்பு சரியா தப்பா என்று சொல்ல எங்கள் மலைப் பக்கம் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். நகரத்துக்குப் போகிற நாட்களில் அவள் பஸ்ஸுக்கு இறங்குகிற பாதையில் சொல்லிக்கொண்டே போவாள். இரண்டு பக்கமும் கொழுந்து எடுக்கிற பெண்கள் அவளை விடமாட்டார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனபோது, ரஷ்யாக்காரவுங்க பேச்ச நாங்களும் கேக்குறோமே என்று ஒருத்தி மறித்தாள். மகள் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு வசனம் சொன்னாள். அதை அந்தப் பெண் அப்படியே திருப்பிச் சொல்ல, பக்கத்து நிரையிலிருந்து சிரிப்பு. அர்த்தம் என்னவென்று கேட்டார்கள். வயிறு வலிக்கிறது என்று அர்த்தம் என்றாள் மகள்.

“அட, நல்ல பேச்சால்ல இருக்கு. நாளைக்குப் பெரட்டுல கணக்கப்பிள்ளகிட்ட இதச் சொல்லிட்டு நான் வேலைக்குப் போகாம நின்னுக்கிறேன்.”

இன்னொருத்தி கூடையைச் சரி செய்துகொண்டு, “படிக்கப் போற புள்ளைக்கு இந்த நோவுப் பேச்செல்லாம் எதுக்குத்தா?” என்றாள். அவள் சிரிக்காமல்தான் கேட்டாள். நான் கேட்காதவன் போல நடந்தேன். கடையில் ஒருவர் சொன்னார், மலையில் ஒருத்தி சொன்னாள். எனக்குத்தான் ஏறவில்லை.

நேர்முகத்துக்கு முதல் நாளே கொழும்புக்குப் போய் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கினோம். அடுத்த நாள் காலை வராந்தாவில் ஒரு நீள மர வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். மகள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். உள்ளே கூப்பிட்டதும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பயமில்லை என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் அவள் குரல் நன்றாக, நிதானமாக வந்தது. பிறகு யாரோ ஓர் ஆண் சிரித்தார். இன்னொருவரும் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். பிடித்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவள் குரல் மட்டும், ஒரே சீராக, நிற்காமல் வந்தது. அந்தச் சீர் எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒப்புவிக்கிற சீர். வாங்கில் உட்கார்ந்து நான் பெருமைப்பட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை யோசித்தேன். உண்மை அதுதான். பெருமைப்பட்டேன்.

பிறகு உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

வெளியே வந்ததும், “முடிஞ்சிருச்சுப்பா, போவோம்,” என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, நல்லாத்தான் கேட்டாங்க என்று மட்டும் சொன்னாள். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடப் பாண் வாங்கிக் கொடுத்தேன், பிய்க்காமல் கையில் வைத்திருந்தாள். நாவலப்பிட்டியில், ஏற்றத்துக்கு இன்னொரு எஞ்சின் பூட்ட வண்டி வெகு நேரம் நிற்கும். அங்கேதான் சொன்னாள்.

மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். நம் நாட்டுக்காரர் இருவர், நரைத்த தலையோடு ஒரு ருஷ்ய அம்மா. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியாக அந்த அம்மா, எங்கள் பாஷை ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் தெரியும் என்றிருக்கிறாள். மலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு ருஷ்யம் தெரிகிறதா என்றுதான் மற்ற இருவரும் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். தெரிந்ததைச் சொல், எதுவானாலும் பரவாயில்லை என்றிருக்கிறார்.

இவள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு முதல் கோட்டிலிருந்து தொடங்கியிருக்கிறாள். எனக்கு உடம்பு சரியில்லை. எனக்கு இங்கே வலிக்கிறது. டாக்டரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது வசனத்திலேயே அந்த அம்மாவின் முகம் மாறியது தெரிந்ததாம். ஆனால் தொடங்கினால் முடிக்காமல் நிறுத்திப் பழக்கமில்லை. எனக்கு இங்கே யாரையும் தெரியாது. எனக்குக் குளிர்கிறது. என் வீட்டுக்குத் தந்தி அடியுங்கள். கடைசி வரைக்கும் சொல்லியிருக்கிறாள்.

அந்த அம்மா எழுந்து மேசையைச் சுற்றி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஏதாவது வியாதி உண்டா, இவ்வளவு தூரம் போக உனக்கே விருப்பமா, வீட்டில் யாராவது போகச் சொல்கிறார்களா என்று கேட்டாராம். அன்பாகத்தான் கேட்டாராம். அந்த அன்பில் இவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விருப்பம் என்று அழுதுகொண்டே சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் அப்போதாவது பேசாமல் இருந்திருக்கலாம்.

“வேற ஏதாவது சொல்லியிருக்கலாமேம்மா. வணக்கம், நன்றி, அந்த மாதிரி.”

“அதுக்கெல்லாம் நீங்க கோடு போடலையேப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் என் முன்னால் நின்று பதில் சொல்வது போல, உள்ளதைச் சொன்னாள். பின்னால் எஞ்சின் வந்து முட்டியது. வண்டி குலுங்கியது. அவள் கையிலிருந்த பாண் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். நிமிர மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று வரிதான். தெரிவு செய்யப்படவில்லை என்பதற்குக் கவலை தெரிவித்திருந்தார்கள். காரணம் போடவில்லை. அதனால் அந்த வசனங்கள்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. அவளைவிடக் கெட்டிக்காரர்கள் வந்திருக்கலாம். இப்படி நினைத்து ஆறுதலடையப் பார்த்தேன். ஒன்றிரண்டு நாள் அது உதவியது. நடந்ததை விளக்கி அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பிள்ளைக்கு வியாதி இல்லை, பயமும் இல்லை, அதெல்லாம் என்னுடையவை என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது, அதுவும் நானே அவளுக்காகப் பேசுவதாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

மனைவியிடம் முழுவதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மகள்தான் சொல்லியிருக்கிறாள். மனைவி அடுப்படியில் திரும்பி நின்றபடியே என்னிடம் சொன்னாள்:

“அன்னைக்கு நான் சொல்லாம விட்டதெல்லாம் அவ வாயில வச்சு அனுப்பிட்டீங்க.”

அடுத்த வருடமும் விளம்பரம் வந்தது. நான் வெட்டி அவள் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. பிறகு கொப்பிக்குள் பத்திரமாக மடித்து வைத்தாள், விண்ணப்பிக்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இப்போது கந்தப்பளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். விடுமுறைக்கு வருவாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். அவள் எந்தப் புத்தகத்திலும் கோடு போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். முழுப் பாடத்தையும் படிக்கச் சொல்கிறாளாம். பாடம் முடியாமல் தலைமையாசிரியரிடம் பேச்சும் வாங்குகிறாளாம்.

போன டிசம்பர் விடுமுறையில், அலுமாரியில் வேறெதையோ தேடும்போது அந்தச் சின்னப் புத்தகம் கையில் கிடைத்தது. நேர்முகத்துக்குப் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் புரட்டினேன். என் சிவப்புக் கோடுகள் அப்படியே பளிச்சென்று இருந்தன. அவற்றுக்கு மேலேயும் கீழேயும், நான் விட்டுப்போன வரிகளின் ஓரத்தில், கறுப்புப் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். கண்ணை அருகே கொண்டுபோனால்தான் தெரியும். அவ்வளவு மெதுவாக வைத்திருக்கிறாள். வேண்டாமென்றால் விரலாலேயே துடைத்துவிடலாம்.

அந்த வரிகளைப் படித்தேன். இந்தப் பாதை ஆற்றுக்குப் போகுமா? அந்தக் கட்டடம் என்ன? நாடகத்துக்கு ஒரு சீட்டு கொடுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், எனக்குக் கற்றுக்கொள்ள ஆசை. நாளைக்கும் வரலாமா?

அவள் போக விரும்பிய ஊர் அந்தப் புள்ளிகளில் இருந்தது. அதை அவள் மனப்பாடம் செய்யவில்லை. நான் கோடு போடவில்லையே.

எனக்கு என்ன தோன்றியதோ, மேசையிலிருந்து ரப்பரை எடுத்துச் சிவப்புக் கோடுகளை அழிக்க ஆரம்பித்தேன். சிவப்பு போகவில்லை. பக்கமெல்லாம் இழுபட்டு இளஞ்சிவப்பாகப் பரவியது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தாள் சுருங்கியது. நிறுத்திப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் என் கோடு இருந்தது. அவள் வைத்த மூன்று புள்ளிகளைக் காணவில்லை.

தேத்தண்ணீர் கொண்டு வந்த மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கோப்பையை மேசையில் வைத்தாள். குனிந்து என் கையிலிருந்த ரப்பரை எடுத்துக்கொண்டாள்.

“விடுங்கப்பா. செவப்பு அழியாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

புத்தகத்தை மூடவில்லை. தாளில் கிடந்த ரப்பர்த் தூளை ஊதினாள். பிறகு, அழிந்துபோன புள்ளிகள் எங்கே இருந்தன என்று தேடுவது போல அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் ஒரு கறுப்புப் பென்சிலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை.

“தேத்தண்ணி ஆறுதுப்பா,” என்றாள்.